ஒன்றரை ஆழாக்கு: மார்பக இம்ப்ளான்ட்டை மாற்றி வைத்த கதை

திருச்சியில் இருபத்திரண்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். தைத்ததைப் பிரித்துத் தைக்கச் சொல்லி யாராவது வந்தால் எனக்கு எரிச்சல்தான். புதுத் துணியில் தப்பு வந்தால் மறைக்க இடம் உண்டு. பிரித்த துணியிலோ பழைய ஊசித் துளைகள் வரிசையாகப் பல்லைக் காட்டும். உள்மடிப்பில் விட்டுவைத்த துணியும் தீர்ந்திருக்கும். இடது மார்பில் இரண்டாம் முறை இம்ப்ளான்ட் (மார்பு வடிவத்துக்காக உள்ளே வைக்கும் சிலிகான் பை) வைக்கப் போனபோது அந்தத் துணி நான்தான்.

2016-இல் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்தார்கள். அதே அறுவை சிகிச்சையில் 325 சிசி சிலிகான் இம்ப்ளான்ட் வைத்தார்கள். ஒரு சிசி என்றால் ஒரு மில்லி. கண்ணீர்த்துளி வடிவம், மேற்பரப்பு சொரசொரப்பு. பிறகு கீமோ, அதன்பின் 25 நாள் கரண்ட். எங்கள் பக்கம் கதிர்வீச்சுக்கு அதுதான் பெயர். இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடம்பு தானாகவே ஓர் உறை கட்டிக்கொள்ளும்; கரண்ட் வைத்த இடத்தில் அந்த உறை தடித்து இறுகுவது அதிகம். எனக்கும் இறுகியது. 2022-இல் தொட்டால் தேங்காய் மூடி. இம்ப்ளான்ட் மேலே ஏறியதோடு நிற்காமல் திரும்பியும்விட்டது. துளியின் பருத்த பக்கம் அக்குளைப் பார்த்தது. இடது பக்கம் படுத்துத் தூங்க முடியவில்லை.

முதலில் போன மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. குளிரூட்டிய அறையில் ஆலோசகர் என்று ஒரு பெண் வழவழப்பான ஆல்பத்தைத் திறந்து, "எத்தனை சிசி பார்க்கிறீர்கள், மேடம்?" என்றார். நடிகையின் படத்தைக் காட்டி இதே மாதிரி தைத்துக் கொடுங்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் உண்டு. நான்கூட அவர்களிடம் அளவு ஜாக்கெட் எங்கே என்று கேட்பேன். இங்கே கடைக்காரரே படத்தை நீட்டினார். அதன்பின் வந்த மருத்துவர் பார்வையாலேயே அளந்து, "375 வைத்தால் நிரம்பி நிற்கும்" என்றார். கரண்ட் வைத்த தோலை ஒரு விரலால்கூட கிள்ளிப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் செலவு மதிப்பீட்டுத் தாள் கைக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சிசி என்றால் கண்ணுக்கு எவ்வளவு என்று பார்க்க ஆசை வந்தது. மகளின் பழைய நீளக் காலுறையில் பொன்னி அரிசியைப் போட்டு முடிச்சுப் போட்டேன். ஆழாக்கு 168 மில்லி. ஒன்றரை ஆழாக்கு போட்டால் கிட்டத்தட்ட 250 சிசி, இரண்டு போட்டால் 336. முடிச்சை உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கத்தரி பிடித்தேன். "ஏன்டி, உலையில் போட வேண்டியதை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று அம்மா சிரித்தார். இரண்டு ஆழாக்கு கண்ணாடியில் நன்றாகத்தான் இருந்தது. 300 என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டு பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போனேன்.

இரண்டாவது மருத்துவர் கவராயம் போன்ற ஒன்றையும் சாதாரண அளவு நாடாவையும் எடுத்தார். நான் தோளிலிருந்து மார்பு முனைக்கு அளப்பேன். அவர் கழுத்துக் குழியிலிருந்து அளந்தார். வலது மார்பின் அடி அகலம், இடது பக்கத்தில் மிச்சமிருக்கும் அகலம், அடியில் மடியும் கோடு எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது, தோலைக் கிள்ளினால் எவ்வளவு தடிமன், இழுத்தால் எவ்வளவு வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த செவிலியர் எழுதினார். வலது 13 சென்டிமீட்டர், இடது 11.5. என் நோட்டில் நான் எழுதுவதைவிட இரண்டு வரி அதிகம். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

"300 வையுங்கள், டாக்டர்" என்றேன். "வேண்டாம், அம்மா. சிசி கடைசியில் வருகிற எண். முதலில் அகலம்" என்றார். இறுகிய உறையை எடுத்தால் 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு இடம் கிடைக்குமாம். அந்த அகலத்துக்குள் 300 வேண்டுமென்றால் முன்னால் அதிகம் துருத்தும் வகையைத்தான் வைக்க வேண்டும். கரண்ட் பட்ட மெல்லிய தோல் அதைத் தாங்காமல் தையல் விட்டால் இம்ப்ளான்ட்டையே எடுக்க வேண்டியிருக்கும். அகலம் மாறாமல் மேடு கூடினால் கொள்ளளவு கூடும். இது எனக்குப் புதிய பாடமில்லை, கப் வைத்துத் தைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வடிவத்தைப் பற்றித்தான் நான் நிறையக் கேட்டேன். துளி வடிவம்தானே இயற்கையாகத் தெரியும்? தெரியும், ஆனால் அது திரும்பினால் கோணலாகிவிடும். திரும்பாமல் பிடித்து நிற்கத்தான் அந்தச் சொரசொரப்பு. எனக்கு ஒருமுறை திரும்பியாயிற்று. உறையை எடுத்தபின் இம்ப்ளான்ட் உட்காரும் இடத்தில் பிடிப்பு இன்னும் குறைவு. அதோடு சொரசொரப்பான மேற்பரப்புக்கும் ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிந்தபின், 2019 ஜூலையில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ கேட்டு அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. என்னுடையது வேறு நிறுவனத்துப் பொருள். என்றாலும் ஒரு புற்றுநோயைப் பார்த்தவளுக்கு 'அரிய வகை' என்ற சொல் ஆறுதல் தராது. வழவழப்பான உருண்டை வடிவம் எப்படித் திரும்பினாலும் உருண்டைதான். மருத்துவர் ஒன்றை என் உள்ளங்கையில் நிமிர்த்தி வைத்தார். உள்ளே இருந்த ஜெல் மெல்லக் கீழே இறங்கி, மேல்பக்கம் தானே சரிந்தது. என் அரிசி முடிச்சைவிட நல்ல கனம்.

எந்த அளவு என்பதை அன்றே முடிவு செய்யவில்லை. 225, 250, 275 மூன்றையும் வரவழைத்து, மயக்கத்தில் இருக்கும்போது மாதிரியை உள்ளே வைத்து, மேசையோடு என்னை உட்காரும் நிலைக்கு நிமிர்த்திப் பார்த்து முடிவு செய்வார்களாம். எழுந்து பார்த்தால்தான் தெரியும் என்பது பிடிக்கவில்லை, கையெழுத்துப் போட்டேன். 250 வைத்தார்கள். ஒன்றரை ஆழாக்கு!

வலது பக்கத்தையும் சிறிதாக்கிச் சமன் செய்யலாம் என்றார்கள். நல்லபடியாக இருக்கிற பக்கத்தில் கத்தி வேண்டாம் என்றேன், வற்புறுத்தவில்லை. மறுபடி இறுகினால் முதுகுத் தசையை முன்பக்கம் கொண்டுவந்து போர்த்தும் வழி இருக்கிறதாம். அதை முதலிலேயே செய்திருக்கலாம்தான். கத்தரி பிடிக்கும் தோளை நம்பிப் பிழைக்கிறவள், தள்ளிப்போட்டேன். இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க வருவதில்லை, ஐந்தாறு வருடத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று தமிழில் தட்டச்சு செய்த தாள் கொடுத்தார்கள். 2016-இல் இதை யாரும் சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. பத்து மணிக்கு வரச் சொல்லி ஒன்றே காலுக்குத்தான் கூப்பிட்டார்கள். உடை மாற்றும் அறையில் புடவையை மாட்ட ஓர் ஆணிகூட இல்லை. கேட்காமலே கதவைத் திறந்த பயிற்சி மருத்துவரைச் செவிலியர்தான் விரட்டினார்.

ஒரு வருடம் ஆகிறது. மெத்தென்று இருக்கிறது, தொட்டால் உணர்வில்லை. இடது பக்கம் படுத்துத் தூங்குகிறேன். வலதுக்கு இடது இன்னும் சிறிசுதான். என் ஜாக்கெட்டின் இடது கப்பில் இரண்டு மடிப்பு பஞ்சுத் துணி வைத்துத் தைத்துக்கொள்கிறேன், வெளியே தெரியாது.

போகிறவர்கள் பழைய இம்ப்ளான்ட்டின் விவரம் எழுதிய அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்ததால் என்னுடையது தப்பியது. பழைய மருத்துவமனையில் என் கோப்பே இல்லை. சுடிதார் வேண்டாம், முன்கொக்கி ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். அன்று மட்டும் ஐந்து முறை கழற்றி மாட்டினேன்.