பழிவாங்கக் கிளம்பிய கப்பல்: ஆன்சிலரி ஜஸ்டிஸ்

முத்தக் காட்சிக்காகப் பக்கம் புரட்டுபவர்களுக்கு இந்தப் புத்தகம் சரிவராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது.

ஆன் லெக்கியின் இந்த விஞ்ஞானப் புனைகதை நாவல் வந்தது 2013இல். அடுத்த வருடம் அந்தத் துறையின் பெரிய விருதுகளான ஹியூகோ, நெபியுலா இரண்டையும் வென்றது. அதே வருடம் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பெயரிலான விருதும் கிடைத்தது. 2008இல் இறக்கும்வரை கொழும்பில் வாழ்ந்த மனிதரின் பெயரில் உள்ள விருது என்பதால், மருதானைப் பழைய புத்தகக் கடையில் கண்டதும் ஒரு சொந்தக்காரத்தனத்தோடு தூக்கிவந்துவிட்டேன்.

கதை சொல்பவள் பிரெக். ஒரு காலத்தில் அவள் ஒரு போர்க்கப்பல். கைப்பற்றிய கிரகங்களின் மனிதர்களை உறையவைத்து, அவர்களுடைய மனத்தைத் துடைத்துவிட்டு, அந்த உடம்புகளையே சிப்பாய்களாக நடத்திய செயற்கை அறிவு. இப்போது கப்பல் இல்லை. மிஞ்சியது ஒரே ஒரு உடம்பும் ஒரு பழியும்தான். அந்தப் பேரரசில் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை, எல்லோருமே 'அவள்'தான். யார் யாரை விரும்பினாலும் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. நல்ல ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். பால் பார்க்காத அரசு இரக்கமுள்ள அரசாக இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் இலங்கைத் தண்டனைக் கோவையில் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 365அ பிரிவுகூட 1995இல் பால் பார்ப்பதை விட்டது, பெண்களையும் சேர்த்துத் தண்டிப்பதற்காக.

பிரெக் கப்பலாக இருந்த காலத்தில், ஓர்ஸ் என்ற சதுப்பு நகரத்தில் நடக்கும் அத்தியாயங்கள்தான் புத்தகத்தின் உயிர். புழுக்கம், சேறு, கோயில். கப்பலுக்கு அங்கே இருபது உடம்புகள். ஒன்று கோயில் முற்றத்தில் காவல் நிற்கிறது, இன்னொன்று தெருவில் ரோந்து போகிறது, வேறொன்று வீட்டில் லெப்டினன்ட் ஓனுக்குத் தேத்தண்ணி கொடுக்கிறது. இவ்வளவும் ஒரே பந்தியில், ஒரே 'நான்' சொல்வதாக வரும். ஓனுக்கு ஸ்கையாட் என்ற அதிகாரியோடு காதல். அந்தக் காதலைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு, ஓனின் உடை, சாப்பாடு, கவலை எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வது கப்பல். அதுவும் காதல்தான் என்று கதை எங்கேயும் வாய்திறந்து சொல்லாது. ஓனுக்கு என்ன நடக்கிறது என்று தெரியும்போது உங்களுக்கே விளங்கும்.

அப்புறம், தண்ணீருக்கு அடியில் ஒளித்துவைக்கப்பட்ட ஆயுதங்கள் அகப்படுகின்றன. யார் வைத்தது, யார் தலையில் கட்டப்போகிறார்கள் என்ற கேள்வி வந்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சன்னலைத் திறந்தேன். போர்க்காலச் சோதனைச்சாவடிகளுக்கு நடுவே, கொழும்பில் தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் வளர்ந்த யாருக்கும் இந்த இடத்துக்கு உரை தேவைப்படாது.

பழி விடயத்தில் லெக்கி கெட்டிக்காரி. பிரெக் கொல்ல நினைக்கும் அரசி அனாண்டர் மியானாய்க்கு ஆயிரக்கணக்கான உடம்புகள், அந்த உடம்புகளுக்குள்ளேயே இரண்டு கட்சி. எதைச் சுடுவது? அதைவிடக் கொடுமை, ஓன் விடயத்தில் பிரெக்கின் கையும் சுத்தமில்லை. பழிவாங்கல் கதைகளில் கோபம் ஒரே திசையில் பாயும், இங்கே பாதி தன்மீதே திரும்புகிறது. பிரெக் இப்போது வாழும் உடம்பின் பழைய சொந்தக்காரி யார் என்ற கேள்வியை மட்டும் ஆசிரியர் அவசரமாகக் கடந்துவிட்டார். எனக்கு அது பெரிய குறை.

முதல் அறுபது பக்கம் பெயர்களோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும், பொறுமையாகப் போங்கள். செய்வார்டன் என்ற போதைக்கு அடிமையான முன்னாள் அதிகாரி, பனிக்குள் விழுந்துகிடந்து கதைக்குள் வருகிறாள். ஆரம்பத்தில் எரிச்சல்தான் வந்தது, போகப்போகப் பிடித்துவிட்டது. அரண்மனைக்கு வந்த பிறகு பேச்சு நீள்கிறது, சில பக்கங்களைத் தாராளமாக வெட்டியிருக்கலாம்.

இது மூன்று பாகக் கதையின் முதல் பாகம். மருதானையில் மூன்றாவது பாகம் கிடைத்தது, இரண்டாவது இல்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் யாரிடமாவது 'ஆன்சிலரி சுவோர்ட்' இருந்தால் இரவல் தாருங்கள். அட்டை போட்டுத்தான் வாசிப்பேன், மூலை மடிக்கமாட்டேன்.