கிராண்ட் கேன்யனில் 'ஈஸி வாக்' என்று யாராவது சொன்னால் உஷார்!

ஜூன் மாதம் நானும் மனைவியும் மாமனாரும் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில், பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்புக்குப் போயிருந்தோம். பள்ளத்தாக்குக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க ஆசை. வழிகாட்டி ஒருவரை வாட்ஸ்அப்பில் பிடித்தோம். "ஈஸி வாக் சார், பெரியவர்களும் வரலாம்" என்றார். அவர் கூலி போக, ஆளுக்கு 40 டாலர் 'பர்மிட்', 25 டாலர் 'வண்டி' என்று தனியாக வாங்கிக்கொண்டார்.

அந்த வண்டி எது தெரியுமா? பூங்கா நிர்வாகமே விடுகிற இலவச ஷட்டில் பஸ். அதில்தான் எங்களையும் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் காலை நேரத்து வெளிச்சத்தில் அந்தச் சிவந்த பாறைகளைப் பார்த்ததும் வாய் அடைத்துவிட்டது.

சவுத் கைபாப் பாதையில் இறங்கினோம். "வழியில் குழாய் இருக்கும், ஆளுக்கு ஒரு பாட்டில் போதும்" என்றவரை நம்பினோம். இந்தப் பாதையில் கொலராடோ ஆறு வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. நிரப்பிக்கொள்வதென்றால் மேலே, தொடங்கும் இடத்தில்தான். கோடையில் குழாய் இருப்பது பக்கத்தில் உள்ள பிரைட் ஏஞ்சல் பாதையில். மனிதர் இரண்டையும் குழப்பிக்கொண்டார் போலும்.

சீடார் ரிட்ஜ் என்ற இடம் வரை 2.4 கிலோமீட்டர். சும்மா கைவீசிக்கொண்டு இறங்கிவிட்டோம். அங்கே கழிப்பறை இருக்கிறது, குழாய் இல்லை. கேட்டதற்கு, "இன்னும் கொஞ்சம் கீழே" என்றார்! மாமனார் அசையவில்லை. "ஏறப்போவது நாமதானே மாப்பிள்ளை" என்று ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதுதான் எங்களைக் காப்பாற்றியது.

அங்கிருந்து மேலே வர சுமார் 350 மீட்டர் ஏற வேண்டும். கீழே போகப்போக வெயில் கூடும் என்பதும், பத்து மணியிலிருந்து நாலு மணி வரை ஏறக் கூடாது என்று பூங்காவே சொல்வதும் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் கிளம்பும்போது மணி பதினொன்று. "மேலே காத்திருக்கிறேன்" என்று வழிகாட்டி விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டார். பாதி வழியில் மாமனாரின் கருநீலச் சட்டை முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இறங்கி வந்த இரண்டு பெண்கள் அரை லிட்டர் தண்ணீரும் உப்பு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மேலே வந்தால் ஆள் இல்லை. தகவல் மையத்தில் ரேஞ்சரிடம் கேட்டோம். பகல் நடைக்கு பர்மிட்டே தேவையில்லையாம். உள்ளே இரவு தங்கினால்தான் வேண்டும். காசு வாங்கி வழிகாட்டுபவர்தான் பூங்காவின் அனுமதி வைத்திருக்க வேண்டும், முன்பணம் கொடுக்கும் முன் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்றார்.

65 டாலர் வீதம் மூன்று பேருக்கு 195 டாலர். கணக்குப் போட்டு வழிகாட்டிக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்து மூன்று வாரம் ஆகிறது.