பலகையை மூடுவதற்கு முன் பாருங்கள்: கேரவன் கட்டக் கொடுத்து நான் ஏமாந்தது

பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றிக்கொள்ள நினைக்கிறவர்கள், பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் 7,20,000 ரூபாய் கொடுத்தேன். 45 நாள் என்று சொன்ன வேலைக்கு ஐந்து மாதம் காத்திருந்தேன். முதல் பயணத்தின் இரண்டாம் இரவில், என் அப்பா படுத்திருந்த கட்டிலுக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது.

அப்பாவுக்காகத்தான் இந்த வண்டியே. அவருக்கு 74 வயது, சர்க்கரை நோய். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்குப் போயாக வேண்டும். நம் நெடுஞ்சாலைகளில் முதியவர்கள் நம்பி நுழையக்கூடிய கழிவறை எத்தனை இருக்கிறது என்பது பெற்றோரை அழைத்துக்கொண்டு பயணம் போகிற எல்லோருக்கும் தெரியும். மலைப்பக்கம் போக அவருக்குக் கொள்ளை ஆசை. "வழியெல்லாம் உங்களுக்குத் தொந்தரவு" என்று சொல்லியே நான்கு வருடம் வீட்டுக்குள் இருந்துவிட்டார். அதனால்தான் 12 இருக்கை கொண்ட பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கினேன். எஞ்சின் நன்றாக இருந்தது, இன்றும் நன்றாகவே இருக்கிறது.

பட்டறையை வீடியோக்களில் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பளபளக்கும் உட்புறம், கூரையில் நீல விளக்கு, சமையல் மேடையில் கிரானைட். உரிமையாளர் அன்பாகப் பேசினார். அப்பாவைப் பற்றிச் சொன்னபோது, "உங்கள் அப்பா எனக்கும் அப்பா மாதிரிதான் சார்" என்றார். இந்த வாக்கியத்தை நான் மறக்கவே போவதில்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய குறித்துக்கொண்டு போயிருந்தேன். மெத்தையின் நிறம், திரைச்சீலை, கோப்பை வைக்கும் தட்டு எங்கே வர வேண்டும் என்பது வரை அதில் எழுதியிருந்தேன். வண்டி எத்தனை கிலோ தாங்கும், மின்கம்பி எத்தனை தடிமன், காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. என் முதல் தவறு அதுதான். அதைக் கேட்கத் தெரியாதவன் என்று அந்த நோட்டைப் புரட்டிய உடனேயே அவருக்குப் புரிந்திருக்கும்.

இரண்டாவது தவறு பணம். "பில் போடாமல் செய்தால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மிச்சம்" என்றார். மிச்சம் என்ற சொல்லுக்கு மயங்கி 1,80,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். மீதி 5,40,000 வங்கி வழியாகப் போனது. கையில் கிடைத்தது ஒரு வெள்ளைத்தாள் மதிப்பீடு. அதில் '710 பிளைவுட்', '150 ஆம்பியர் புது பேட்டரி 2', '2,000 வாட் இன்வெர்ட்டர்', 'தரமான வயரிங்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்ததுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

வேலை நடந்த ஐந்து மாதத்தில் வண்டியை இரண்டு முறைதான் பார்த்தேன். இருக்கைகளைக் கழற்றி வெறும் தகரக்கூடாக நின்றபோது ஒருமுறை. சுவர், கூரை, தரை எல்லாம் மூடி, மேலே பளபளப்புத் தகடு ஒட்டிய பிறகு இன்னொரு முறை. இடையில் எப்போது வருகிறேன் என்றாலும் "பெயின்ட் வேலை நடக்கிறது, தூசி விழும், வராதீர்கள்" என்று பதில் வரும். இந்த மாதிரி வண்டிகளில் திருட்டு நடப்பதெல்லாம் அந்த இடைப்பட்ட நாட்களில்தான். கம்பியும் பிளைவுட்டும் சுவருக்குள் போய்விட்டால், பிறகு உடைத்தால்தான் உண்மை தெரியும்.

ஜூலை மாதம் புறப்பட்டோம். பொள்ளாச்சி தாண்டி, ஆழியாறு அணையைத் தாண்டி, வால்பாறைக்கு ஏறும் சாலை. 40 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவிலேயே வண்டியின் பின்பக்கம் என்னை ஒரு பக்கமாக இழுப்பது தெரிந்தது. பொருட்களை ஏற்றியதால் இருக்கும் என்று மெதுவாக ஓட்டினேன். அன்று இரவு தென்மேற்குப் பருவமழை அந்த ஊருக்கே உரிய விதத்தில் கொட்டியது. சூரியத் தகடுகளைப் பொருத்தக் கூரையில் துளை போட்டிருந்தார்கள். அந்தத் துளைகளின் வழியாகத் தண்ணீர் சொட்டியது. கண்ணாடித் தொட்டிக்குப் பூசும் சாதாரண சிலிக்கானைத் திருகாணியின் தலையில் தடவிவிட்டு விட்டிருக்கிறார்கள். ஓடும் வண்டியின் கூரை அதிர்ந்துகொண்டே இருக்கும். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். அதோடு சேர்ந்து நெகிழ்ந்து, பிடிப்பும் விடாத பாலியூரித்தேன் பசை போட்டிருக்க வேண்டும். அப்பாவின் போர்வை நனைந்தது. அவர் "மழை என்றால் அப்படித்தான்" என்று என்னைத் தேற்றினார்.

மறுநாள் இரவு என் மனைவி அப்பாவுக்குக் கஞ்சி வைக்க மின்தூண்டல் அடுப்பை 1,000 வாட்டில் போட்டார். இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தியது. முதல் நாளே இதே சத்தம் வந்து, பட்டறைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டிருந்தேன். "புது இன்வெர்ட்டர் அப்படித்தான் சத்தம் போடும், போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லியிருந்தார். நம்பினேன். பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். மனைவி அடுப்பை அணைத்துவிட்டார், ஆனாலும் புகை நிற்கவில்லை. கம்பியின் மேலுறை உருகி, உள்ளே இருந்த செம்பு வண்டியின் தகரத்தைத் தொட்டுவிட்டது. பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லை, மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்சும் இல்லை. பேட்டரிகள் இருந்த பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் பலகை வைத்துத் திருகி மூடியிருந்தார்கள். மனைவி அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கொட்டும் மழையில் வெளியே இறக்கினார். நான் ஜாக்கிக் கம்பியால் பலகையை உடைத்து, கை சுட்டுக்கொண்டு, பேட்டரி முனையைப் பிடுங்கினேன். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான் ஆகியிருக்கும். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

ஊர் திரும்பியதும் அந்தப் பட்டறைக்குப் போகவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் கூடத்தில் பல வருடம் வயரிங் செய்த பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பஸ் பாடி கட்டுவதில் கரூருக்கு இருக்கும் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் சுவர்ப் பலகையைக் கழற்றி, கருகிய கம்பியை இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "தம்பி, இது 6 ஸ்கொயர், அதாவது செம்பின் குறுக்குவெட்டு 6 சதுர மில்லிமீட்டர்தான். வீட்டில் ஏ.சி.க்குப் போட்டால் போதும். இதற்குப் போடலாமா?" என்று கேட்டார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், ஏனென்றால் விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வீட்டில் 230 வோல்ட். 1,000 வாட் அடுப்புக்கு நான்கைந்து ஆம்பியர்தான் ஓடும். வண்டியில் 12 வோல்ட். அதே அடுப்புக்கு, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால், பேட்டரியிலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். என் வண்டியில் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நான்கு மீட்டர் தூரம் வைத்திருந்தார்கள். போக நான்கு, வர நான்கு, ஆக எட்டு மீட்டர் மெல்லிய கம்பி. அதிலேயே 2 வோல்ட் தொலைந்துவிடும். இன்வெர்ட்டர் கத்தியது அதனால்தான், தன்னிடம் வந்து சேரும் மின்னழுத்தம் போதவில்லை என்று. தொலைகிற அந்த 2 வோல்ட், சுவருக்குள் கிட்டத்தட்ட 190 வாட் சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டைச் சுற்றி என்ன இருந்தது தெரியுமா? வெயில் தாங்க என்று அடைத்த தெர்மாகோல். அது எளிதில் தீப்பிடிக்கும், அதோடு கம்பியின் பி.வி.சி. உறையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் உறையையும் கெடுத்துவிடும். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வைத்து, 35 ஸ்கொயர் கம்பி போட்டு, பேட்டரியின் நேர்முனையிலேயே தக்க ஃபியூஸ் வைத்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. இதற்கெல்லாம் சில ஆயிரம் ரூபாய்தான் கூடுதலாகியிருக்கும். அந்தச் சில ஆயிரத்துக்காக என் அப்பாவை நெருப்பின் மேல் படுக்க வைத்தார்கள்.

பேட்டரிகளும் புதியவை அல்ல. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும், தண்ணீர் ஊற்றுகிற டியூபுலர் வகை. வரிசை எண்ணைச் சுரண்டிவிட்டு, மேலே புதுத் தாள் ஒட்டியிருந்தார்கள். இந்த வகைப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். மூடிய இடத்தில் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்க ஒரு பொறி போதும். வெளியே போக ஒரு குழாய்கூட வைக்காமல், ஒரு முதியவரின் தலைமாட்டுக்குக் கீழே இதை அடைத்து வைத்திருந்தார்கள். பயணம் முழுக்க அப்பா இருமியது குளிரால் என்று நினைத்திருந்தேன். அமில ஆவியும் காரணமாக இருக்குமோ என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. எரிவாயு உருளை இருந்த அலமாரியிலும் அடியில் துளை இல்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அடியில் வண்டிக்கு வெளியே திறக்கும் துளை இல்லாத அலமாரியில் உருளையை வைக்கவே கூடாது.

பிளைவுட் கதை சுருக்கமானது. ஐ.எஸ். 710 என்பது தண்ணீரில் கொதிக்க வைத்தாலும் அடுக்கு பிரியாத வகைக்கான தரக்குறியீடு. எனக்குப் போட்டது வீட்டு அலமாரிக்குப் போடும் சாதாரண வகை. இரண்டு மழைநாளிலேயே ஓரங்கள் புத்தகம்போல் விரிந்துவிட்டன. பெரியவர் ஒரு துண்டை வெட்டிப் பானைத் தண்ணீரில் கொதிக்க வைத்துக் காட்டினார். சிறிது நேரத்தில் பட்டை பட்டையாகக் கழன்றது. பலகையின் மேல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நில்லாமல் வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் கொதிக்க வைத்துப் பாருங்கள்.

பிறகு எடைமேடையில் வண்டியை நிறுத்தினோம். ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடை வரம்பைவிட 210 கிலோ அதிகம். 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு முழுப் பலகையே 35 கிலோ வரும். அப்படி 14 பலகை, அதுமட்டும் 490 கிலோ. நான் ஆசைப்பட்டுக் கேட்ட கிரானைட் மேடை 50 கிலோ. பேட்டரிகள் இரண்டும் நூறு கிலோவுக்கு மேல். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. அந்தத் தொட்டியைப் பின்சக்கரத்துக்கும் பின்னால், வலது பக்கமாகவே வைத்திருந்தார்கள். வளைவுகளில் வண்டி இழுத்ததன் காரணம் அதுதான். கிரானைட் கேட்டது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவர் "வேண்டாம் சார், வண்டி தாங்காது" என்று சொல்ல வேண்டுமா இல்லையா? காலி வண்டியை முதலில் எடைமேடையில் ஏற்றி, வரம்புக்கு எத்தனை கிலோ மிச்சம் என்று தெரிந்துகொண்டு, ஆட்களின் எடையையும் தண்ணீரின் எடையையும் கழித்த பிறகுதான் மரச்சாமான் பேச்சையே எடுக்க வேண்டும்.

கடைசி அடி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விழுந்தது. "ஆர்.டி.ஓ. வேலையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லியிருந்தார்கள். ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதியில்லாமல் மாற்றினால் பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அந்தத் தண்டனை வண்டி உரிமையாளருக்குத்தான். கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலை இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னபோது பட்டறைக்காரர் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். ஆர்.சி.யில் இல்லாத மாற்றத்தோடு விபத்து நடந்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் என்ன முகத்தோடு போய் நின்றிருப்பேன்? எந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்று உங்கள் பகுதி மோட்டார் வாகன ஆய்வாளரிடம் நீங்களே நேரில் கேளுங்கள். வேலை தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நீங்கள் அடுப்பை அதிக நேரம் வைத்திருப்பீர்கள்" என்றார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அழைப்பைத் துண்டித்துவிட்டார். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். பட்டறை பதில் சொல்லவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் இடையில் என்பதால் கட்டணம் 200 ரூபாய்தான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வெள்ளைத்தாள் மதிப்பீடு, வங்கிக் கணக்கு அறிக்கை, கருகிய கம்பி, கொதித்துப் பிரிந்த பிளைவுட், எடைமேடைச் சீட்டு எல்லாம் சான்றாகப் போயிருக்கின்றன. ரொக்கமாகக் கொடுத்த 1,80,000 ரூபாய்க்கு மட்டும் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. வழக்கு நடப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை.

வண்டி கரூரில்தான் நிற்கிறது. பெரியவர் புது வயரிங் இழுத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அழைத்துப் போனேன். திறந்து கிடந்த சுவருக்குள், கட்டைவிரல் தடிமனில் ஓடும் கம்பியை அவர் கையால் தடவிப் பார்த்தார். பலகை போடும் அன்றைக்கும் தன்னைக் கூட்டி வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.