ஞாயிறு காலை உதைபந்தாட்டப் பயிற்சி: ஒரு தகப்பனின் மதிப்பீடு

அரியாலைப் பக்கம் ஞாயிறு காலைகளில் நடக்கும் சிறுவர் உதைபந்தாட்டப் பயிற்சிக்கு என் மகனை அனுப்புகிறேன். பந்தைக் கடத்தவும் நிறுத்தவும் நன்றாகவே பழக்குகிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அங்குள்ள ஒழுக்கம்.

போன வாரப் போட்டியில் ஒரு பையன், "சேர், பந்து கையில் படவே இல்லை!" என்று நடுவரை நோக்கிக் கையை வீசினான். பயிற்றுவிப்பாளர் உடனே அவனை வெளியே அழைத்தார். திட்டவில்லை. தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "முதலில் குடி தம்பி. பிழையாக இருந்தாலும் அது நடுவரின் முடிவு. கேட்பதென்றால் அணித் தலைவன் மரியாதையாகக் கேட்கட்டும்" என்றார். அவன் முகம் தெளிந்த பிறகே மீண்டும் இறக்கினார். நடுவரைச் சொல்லாலோ செயலாலோ எதிர்த்தால் மஞ்சள் அட்டை என்பது விதி. 2019 முதல் பயிற்றுவிப்பாளருக்கும் அட்டை காட்டலாம் என்பதையும் அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்!

விழுந்த எதிரணிப் பையனைக் கைகொடுத்துத் தூக்குவதும், தோற்றாலும் வரிசையில் நின்று கைகுலுக்குவதும் இங்கே பழக்கமாகிவிட்டன.

குறை பெற்றோர் பக்கம்தான். எல்லைக்கோட்டில் நின்று "விடாதே, காலில் அடி!" என்று கத்துகிறவர்களை நிர்வாகம் கண்டுகொள்வதில்லை. பிள்ளை யார் சொல்லைக் கேட்பது? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கயிறு கட்டி, பெற்றோரை அதற்குப் பின்னால் நிறுத்த வேண்டும். நிழலும் போதாது, தொப்பி கொண்டுபோங்கள்.

வாங்கும் கட்டணத்துக்கு நிறைவான பயிற்சி. தயங்காமல் சேர்க்கலாம்.