பழைய கார்வெட், நீண்ட சாலை, நல்ல மைலேஜ்: ஒரு சி5 பயன்பாட்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 2001ஆம் வருட செவ்ரலே கார்வெட், அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். 1997 முதல் 2004 வரை வந்த ஐந்தாம் தலைமுறை, சுருக்கமாக சி5. 5.7 லிட்டர் வி8 எஞ்சின், 350 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். டெக்சாஸில் டாலஸ் பக்கம் குடியிருக்கிறேன். உறவுக்காரர்கள் ஹூஸ்டனில் இருப்பதாலும், பேர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் போகப் பிடிக்கும் என்பதாலும் ஐ-45 நெடுஞ்சாலைதான் இந்தக் காரின் வழக்கமான பாதை. அந்தச் சாலையில் இது கேலனுக்கு 28 முதல் 30 மைல் கொடுக்கிறது. நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு 12 கிலோமீட்டரிலிருந்து 12.7 வரை. காற்று பின்னாலிருந்து வீசும் நல்ல நாளில் 30ஐத் தாண்டியும் பார்த்திருக்கிறேன்.

கோயில் பார்க்கிங்கில் இளம் பையன்கள் வந்து, "அண்ணா, இது ரொம்பக் குடிக்குமே?" என்று கேட்பார்கள். எண்ணைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். புதிதாக வந்தபோதே இந்தக் காருக்கு அமெரிக்க அரசின் சோதனையில் கிடைத்த நெடுஞ்சாலை எண் 28. நகர எண் 19. 2008இல் கணக்கிடும் முறையை நடைமுறைக்கு நெருக்கமாக மாற்றியபோது பழைய கார்களின் எண்களையும் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் நிதானமாக ஓட்டினால் அந்தப் பழைய 28 இன்றும் சிரமமில்லாமல் வருகிறது.

இது எப்படி முடிகிறது என்று எனக்கு ரொம்ப நாள் யோசனை. படித்தும் ஓட்டியும் பார்த்த பிறகு புரிந்தது இதுதான்: வேகத்துக்காகச் செய்த வேலைகள்தான் சிக்கனத்தையும் கொடுக்கின்றன. காரைத் தாழ்வாக வைத்தார்கள், காற்றை வழுக்கிக்கொண்டு போகும் வடிவம் கொடுத்தார்கள், எடையைக் குறைத்தார்கள். காற்று எதிர்ப்பைக் காட்டும் இழுவைக் கெழு (குறைந்தால் நல்லது) 0.29. தொண்ணூறுகளில் வந்த காருக்கு இது மிக நல்ல எண். எடை சுமார் 3,250 பவுண்டு, அதாவது 1,475 கிலோ. எஞ்சின் முழுக்க அலுமினியம். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, எஞ்சினின் நடுவில் இருக்கிறது; புஷ்ராட் என்ற தண்டுகள் அதன் அசைவை மேலே வால்வுகளுக்குக் கொண்டுபோகும்; சிலிண்டருக்கு இரண்டே வால்வு. பழைய பாணி எஞ்சின் என்று பலர் ஒதுக்குவார்கள். ஆனால் தலைப்பகுதியில் கேம்ஷாஃப்ட் இல்லாததால் எஞ்சினின் உயரம் குறைவு. அதனால் பானெட்டைத் தாழ்த்த முடிந்தது. பானெட் தாழ்ந்ததால் முன்னால் காற்றில் மோதும் பரப்பும் குறைந்தது.

சமதளத்தில், காற்றில்லாத நாளில், 70 மைல் வேகத்தில் சீராகப் போக இந்தக் காருக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 20 முதல் 25 குதிரைத்திறன்தான். 350 தரக்கூடிய எஞ்சினிடம் அவ்வளவுதான் கேட்கிறோம். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. பெரிய எஞ்சினைக் கொஞ்சமாக வேலை வாங்கும்போது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வால்வு கிட்டத்தட்ட மூடியே கிடக்கும். அந்தச் சின்ன இடைவெளி வழியாகக் காற்றை இழுப்பதற்கே எஞ்சின் சக்தியைச் செலவழிக்கும். கூடவே, ஒவ்வொரு சுற்றிலும் எட்டுப் பிஸ்டன்களின் உராய்வு. இரண்டு நஷ்டத்துக்கும் மருந்து, எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடுவது.

அதற்குத்தான் ஆறாவது கியர். அதன் விகிதம் 0.50, அதாவது கியர் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு ஒரு சுற்று சுற்ற எஞ்சின் அரைச் சுற்று சுற்றினால் போதும். பின் ஆக்சில் விகிதம் 3.42, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற அந்தத் தண்டு 3.42 சுற்று சுற்ற வேண்டும். கணக்குப் போட்டால் 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,550 சுற்றுதான் சுற்றுகிறது. அதே வேகத்தில் நான்காவது கியரில் 3,100. சுற்று பாதியாகும்போது அதே 25 குதிரைத்திறனைத் தர த்ராட்டில் இன்னும் அகலமாகத் திறந்தாக வேண்டும். காற்று இழுக்கும் நஷ்டம் குறைகிறது, உராய்வும் குறைகிறது. சின்ன எஞ்சின் இவ்வளவு குறைந்த சுற்றில் திணறிவிடும். இந்த வி8க்கு அடிச்சுற்றிலேயே இழுவிசை தாராளமாக இருப்பதால் முனகாமல் போகிறது. காருக்குள் உட்கார்ந்து கேட்டால் எஞ்சின் சத்தமே தெரியாது, டயர் சத்தம்தான் கேட்கும்.

இனி ஓட்டும் விதம். எல்லாவற்றையும்விட வேகம்தான் மைலேஜைத் தீர்மானிக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 65இலிருந்து 80க்குப் போனால் காற்றைக் கிழிக்க ஒரு மைலுக்கு ஆகும் செலவு ஒன்றரை மடங்காகிவிடும். ஐ-45இல் ஊர்ப்புறப் பகுதிகளில் 75 வரை அனுமதி இருக்கிறது. நான் வலது லேனில் 68, 70 என்று க்ரூஸ் கன்ட்ரோலில் (வைத்த வேகத்தைத் தானே காக்கும் வசதி) வைத்துவிடுவேன். 80இல் ஓடும் கூட்டத்தோடு சேர்ந்து போனால் எண் 25, 26க்கு இறங்கிவிடும். டாலஸிலிருந்து ஹூஸ்டன் 240 மைல் தூரம். 80க்குப் பதில் 70இல் போனால் அரை மணி நேரம்கூடத் தாமதம் ஆகாது.

க்ரூஸ் கன்ட்ரோல் சமதளத்தில் அருமையான உதவி. கோர்சிகானா தாண்டிய பரந்த வெளியில் அதை நம்பிக் காலை எடுத்துவிடலாம். ஆனால் ஹன்ட்ஸ்வில் பக்கம் பைன் மரக்காடும் மேடு பள்ளமும் வரும். அங்கே மேட்டிலும் வேகத்தை விடாப்பிடியாகக் காப்பாற்ற அது த்ராட்டிலைத் திறந்துகொண்டே போகும். அந்த இடத்தில் காலால் ஓட்டுகிறேன். மேடு ஏறும்போது இரண்டு மூன்று மைல் வேகம் குறைய விட்டு, இறக்கத்தில் திரும்ப எடுத்துக்கொள்வேன். பின்னால் யாரும் நெருக்கிக்கொண்டு வராத நேரத்தில் மட்டும். மேடு செங்குத்தாக இருந்தால் ஆறாவது கியரிலேயே மிதிப்பது தப்பு. அவ்வளவு குறைந்த சுற்றில் பாரம் ஏற்றினால் எஞ்சினுக்கும் நல்லதில்லை, மைலேஜுக்கும் நல்லதில்லை. ஐந்துக்கோ நாலுக்கோ இறங்கி, ஏறி முடித்துவிட்டு ஆறுக்குத் திரும்பினால் போதும்.

இறக்கத்தில் நியூட்ரலில் தள்ளிவிடும் பழக்கம் நம் ஊர் ஆட்கள் பலருக்கு உண்டு. கார்ப்பரேட்டர் காலத்துப் பழக்கம் அது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் கியரில் வைத்தபடி காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றும், பெட்ரோல் வரத்து நிற்கும். நியூட்ரலில் எஞ்சின் தன்னைத் தானே சுற்றிக்கொள்ள பெட்ரோல் வேண்டும். காரும் கட்டுப்பாட்டில் இருக்காது.

லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்று எதிர்ப்பு குறையும் என்பது உண்மைதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இவ்வளவு தாழ்வான காரை லாரி டிரைவரால் பார்க்கவே முடியாது. டயர் வெடித்துப் பறக்கும் ரப்பர் துண்டு நேராகக் கண்ணாடியில்தான் வந்து விழும். மிச்சமாகும் ஒரு கேலனுக்கு அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

டெக்சாஸில் ஓட்டுகிறவர்கள் காற்றுத் திசையைக் கவனிக்க வேண்டும். வருடத்தின் பெரும்பகுதி மெக்சிகோ வளைகுடாவிலிருந்து தெற்குக் காற்று வீசும். அதனால் ஹூஸ்டன் போகும்போது எதிர்க்காற்று, டாலஸ் திரும்பும்போது பின்காற்று. ஒரே சாலை, ஒரே வேகம், ஆனாலும் போகும்போது 27, வரும்போது 30 என்று வித்தியாசம் வரும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர் அலை இறங்கினால் இது அப்படியே தலைகீழாகும். அதனால் ஒருவழிப் பயணத்தை வைத்து மைலேஜ் சொல்கிறவர்களின் எண்ணை நான் எடுத்துக்கொள்வதில்லை. போய் வந்த சராசரிதான் கணக்கு.

குளிர் நாட்களில் பொதுவாகவே எண் குறையும். குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், எஞ்சின் சூடாக நேரம் எடுக்கும், டயரில் காற்றும் இறங்கிவிடும். வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் டயரில் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும். காலையில் கிளம்புமுன், டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பேன். இந்தக் காரில் டயர் அழுத்தம் டேஷ்போர்டிலேயே தெரியும் என்பது பெரிய வசதி. நிறுவனம் சொல்வது 30 பிஎஸ்ஐ. நீண்ட பயணத்துக்கு 32 வைக்கிறேன். அதற்கு மேல் ஏற்றினால் பின்பக்க 275 அகல டயர்களின் நடுப்பகுதி மட்டும் தேயும், மழையில் பிடிப்பும் குறையும். வீல் அலைன்மென்ட்டும் முக்கியம். இவ்வளவு அகலமான டயர் கொஞ்சம் கோணலாக உருண்டாலும் பெட்ரோலும் போகும், டயரும் போகும்.

ஏசி போடுவதா, கண்ணாடியை இறக்குவதா? டெக்சாஸ் கோடையில் இது கேள்வியே இல்லை. நெடுஞ்சாலையில் கண்ணாடியை ஏற்றி ஏசி போடுவதுதான் சரி. என்னுடையது கூப்பே. மேல்கூரையைக் கழற்றிப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். கழற்றினால் பயணம் அருமையாக இருக்கும், ஆனால் வடிவம் கெட்டு மைலேஜ் கண்ணெதிரே இறங்கும். மடிந்து எழும் முன்விளக்குகளும் அப்படித்தான். எழுந்து நின்றால் காற்றைத் தடுக்கும். அதனால் எண் முக்கியம் என்றால் பகல் பயணம்.

முன் பம்பருக்கு அடியில் மூன்று துண்டாக ஒரு தடுப்புப் பட்டை தொங்கும். வேகத்தடையிலும் பார்க்கிங் கட்டையிலும் உரசிக்கொண்டே இருப்பதால் எரிச்சலாகிச் சிலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். கழற்றாதீர்கள். இந்தக் கார் ரேடியேட்டருக்கான காற்றை அடியிலிருந்துதான் எடுக்கிறது. காற்றை மேலே திருப்பி விடுவது அந்தப் பட்டைதான். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில்கூட எஞ்சின் சூடேறும்.

பராமரிப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஆயில், சுத்தமான ஏர் ஃபில்டர், காலத்துக்குள் ஸ்பார்க் பிளக். எண்ணெய் தடவிய ஃபில்டர் போட்டால் அந்த எண்ணெய் காற்று அளவிடும் சென்சாரில் படிந்து காற்று-பெட்ரோல் கலவைக் கணக்கைக் குழப்பலாம். அதனால் நான் சாதாரணக் காகித ஃபில்டரையே போடுகிறேன். மைலேஜ் கூட்டும் என்று விற்கும் காந்தம், பெட்ரோலில் ஊற்றும் மருந்து இதையெல்லாம் நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். தெர்மோஸ்டாட்டைக் குளிர்ச்சியான ரகத்துக்கு மாற்றுவதும் மைலேஜுக்கு உதவாது.

பெட்ரோலைப் பொறுத்தவரை பிரீமியம்தான். கம்ப்ரெஷன் 10:1க்குச் சற்று மேல் என்பதால் 91 ஆக்டேன் சொல்கிறார்கள். டெக்சாஸில் கிடைப்பது 93. 87 ஊற்றினால் எஞ்சின் தட்டல் சென்சார் மூலம் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளிக்கும், ஆனால் சக்தி குறையும். இந்த விலை வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். 30 மைல் தரும் டொயோட்டா கேம்ரிக்கும் இதற்கும் மைலேஜ் ஒன்றுதான் என்றாலும் பம்ப்பில் கொடுக்கும் காசு ஒன்றல்ல. இன்னொன்று, 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆற்றல் சுமார் 3 சதவீதம் குறைவு. இப்போது பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது.

டேஷ்போர்டு காட்டும் சராசரியை அப்படியே நம்பாமல் பில்லை வைத்துப் பாருங்கள். டாலஸுக்குத் தெற்கே எனிஸ் ஊரில் பக்கீஸ் என்ற பெட்ரோல் நிலையத்தில் ஒரே பம்ப்பில், பம்ப் தானாக முதல் தடவை நிற்கும் வரை நிரப்பி, திரும்பி வந்து அதேபோல் நிரப்பி வகுப்பதுதான் என் வழக்கம். இந்தக் காரில் டேங்க் இரண்டு பாதியாக, பின் சக்கரங்களுக்கு முன்னால் இருபுறமும் இருக்கிறது. அவசரமாகத் திணிக்காமல் மெதுவாக நிரப்பினால் அளவு சரியாக வரும். ஆனால் உடனடி மைலேஜ் காட்டும் திரையைப் பார்த்து ஓட்டிப் பழகுவது நல்லது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பது அதில் உடனே தெரிந்துவிடும்.

நகரத்துக்குள் கதை வேறு. டாலஸை ஒட்டிய பிளேனோவின் சிக்னல்களில் 16, 17தான். மெதுவாகக் கிளம்பினால் முதல் கியரிலிருந்து இரண்டாவதைத் தடுத்து நேராக நான்காவதுக்குத் தள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. அரசுச் சோதனையில் நல்ல எண் எடுக்கவும், கேலனுக்கு 22.5 மைலுக்குக் கீழே போனால் விழும் கேஸ் கஸ்லர் (பெட்ரோல் அதிகம் குடிக்கும் கார்) வரியைத் தவிர்க்கவும் வைத்தது. பலர் அதைச் செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலை மைலேஜ் இதனால் ஒரு துளியும் மாறாது. பிடிக்காதவர்கள் தாராளமாக எடுத்துவிடலாம்.

சி5 வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீண்ட சாலைதான் நோக்கம் என்றால் சாதாரண ஆறு கியர் மேனுவலைத் தேடுங்கள். இஸட்06 ரகம் இன்னும் வேகமானது, எடையும் குறைவு. ஆனால் அதன் ஆறாவது கியர் 0.57, அதனால் 70இல் எஞ்சின் சுமார் 1,750 சுற்றுச் சுற்றும். ஆட்டோமேட்டிக்கில் மேல் கியர் 0.70, அதோடு 2.73 ஆக்சில் இருந்தால் ஏறத்தாழ அதே அளவுதான். 3.15 ஆக்சில் போட்ட ஆட்டோமேட்டிக்கும் உண்டு, அதில் சுற்று இன்னும் கூடும். வாங்குமுன் எந்த ஆக்சில் என்று கேட்டுவிடுங்கள்.

என் காரில் அடுத்த வேலை ஆக்சிஜன் சென்சார்கள். மொத்தம் நான்கு. கலவையைத் தீர்மானிப்பது முன்னால் இருக்கும் இரண்டு. வயதானால் அவை மெதுவாகத்தான் பதில் சொல்லும், எச்சரிக்கை விளக்கு எரியாமலேயே மைலேஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம். குளிர் தொடங்குவதற்குள் அந்த இரண்டையும் மாற்றிவிடப் போகிறேன். மாற்றிய பிறகு வரும் எண்ணையும் இதே எனிஸ் பம்ப்பில்தான் பார்ப்பேன்.