கோபியில் ஒரு ஜெராக்ஸ் கடை: மிலிட்டரி பென்ஷன் வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்

கோபி, சத்தி, அந்தியூர், பவானி பக்கம் உங்கள் வீட்டில் மிலிட்டரி பென்ஷன் வாங்குகிறவர் யாராவது இருந்தால், அதிலும் அடிபட்டு போர்டு அவுட் ஆகி, அதாவது இனி சர்வீஸுக்கு முடியாது என்று மெடிக்கல் போர்டு சொல்லிப் பாதியிலேயே அனுப்பி வந்தவராக இருந்தால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கோபி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடைக்குப் பெயர் கிடையாது, மஞ்சள் தகரத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் என்று மட்டும் எழுதியிருக்கும். ஒரு அக்கா நடத்துகிறார். அவருடைய அப்பா ஹவில்தாராக இருந்தவர், அப்பாவுடைய பென்ஷனுக்காக அலைந்து அலைந்து கற்றுக்கொண்டதை இப்போது மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கிறார். எங்கள் மாமாவுக்கு நின்றுபோன பென்ஷன் திரும்ப வந்தது இவரால்தான்.

மாமா இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ், பட்டாளத்தின் இன்ஜினியர் படை. அந்தப் படைக்காரர்களைத் 'தம்பி' என்றுதான் பட்டாளத்தில் கூப்பிடுவார்கள், ஊரிலும் வயதில் மூத்தவர்கள் சிலர் மாமாவை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். 1989-இல் சேர்ந்தார். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத்தைத் தாக்கிய பிறகு எல்லையில் படைகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, ஆபரேஷன் பராக்கிரம், அப்போது ராஜஸ்தானில் கண்ணிவெடி புதைக்கிற வேலையில் இருந்தபோது இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புனேயில் செயற்கைக் கால் மையம் இருக்கிறது, 1944-லிருந்து பட்டாளத்துக்காரர்களுக்குக் கால் வைத்துக் கொடுக்கிற இடம், அங்கே கால் பொருத்தி அனுப்பினார்கள். வந்ததிலிருந்து தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிற ஒன்றரை ஏக்கரில் மஞ்சளும் நெல்லும் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

ரொம்ப வருடம் பிரச்சினையே இல்லை. நவம்பர் வந்தால் பேங்க்குக்குப் போவார், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுகிற லைஃப் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவார், டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். அப்புறம் ஸ்பர்ஷ் வந்தது, பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் முறை. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முன்னே பென்ஷனைக் கணக்குப் போட்டுக் கொடுத்தது பேங்க். ஸ்பர்ஷுக்கு மாறிய பிறகு பிரயாக்ராஜில் இருக்கிற பாதுகாப்புக் கணக்குத் துறையின் பென்ஷன் அலுவலகமே நேராக அனுப்புகிறது, பேங்க் வெறுமனே பணம் வந்து விழுகிற இடம்தான். அதனால் லைஃப் சர்டிபிகேட்டும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

எங்களுக்கு இது தெரியாது. போன நவம்பரில் வழக்கம்போல ஒரு இடத்தில் கைரேகை வைத்து ஜீவன் பிரமாண், அதாவது ஆன்லைன் லைஃப் சர்டிபிகேட், எடுத்தோம். போனுக்கு பிரமாண் ஐடி வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். டிசம்பர் கடைசியில் பணம் வரவில்லை. பேங்க்கில் கேட்டால் எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்றார்கள். இன்னொரு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், அது மாடியில், 22 படி, ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளக் கம்பிகூடக் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது, பொதுக் கட்டடங்களை அவர்கள் ஏறி வருகிற மாதிரி மாற்ற 5 வருடம் அவகாசம் கொடுத்து, அந்த அவகாசமும் முடிந்துவிட்டது. கால் போன ஒரு சோல்ஜர் தன்னுடைய பென்ஷனைக் கேட்க 22 படி ஏற வேண்டியிருக்கிறது என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், இப்போது எழுதும்போதும் கோபம் வருகிறது.

அங்கே இருந்தவர் ஆதாரைப் பார்த்தார், பென்ஷன் உத்தரவு இருக்கிற பிபிஓவைப் பார்த்தார், பெயர் ஒத்துவரவில்லை என்றார். மாமா பெயர் பழனிசாமி. பட்டாளத்து ரெக்கார்டில் இங்கிலீஷில் எழுதும்போது நடுவில் டபிள்யூ போட்டிருக்கிறார்கள், ஆதாரில் டபிள்யூ இல்லை, பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பாரு பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். கொங்கு நாட்டில் வீட்டுக்கு ஒரு பழனிசாமி, ஒரு ராமசாமி, ஒரு குப்புசாமி இருப்பார், இந்த ஒரு எழுத்து எத்தனை பேரை நிறுத்தி வைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதோடு விடவில்லை, ஊனம் இன்னும் தொடர்கிறது என்று புதிதாக டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். மாமா அவரிடம், "இங்கதானுங்களே உக்கார்ந்திருக்கறேன், பாருங்க" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

அந்த வாரம் மூன்று தடவை கோபிக்கு வந்து போனார். மூன்றாவது நாள் ராத்திரி காலைக் கழற்றி வைத்தபோது, கால் முடிகிற இடம் உரசி உரசித் தோல் கழன்று கிடந்தது. அத்தை பார்த்துவிட்டு அழுதுவிட்டார். "உடு கண்ணு, போதும்" என்று மாமா என்னிடம் சொன்னார். மாமா எதையும் போதும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனோம். அக்கா முதலில் மாமாவை உட்காரச் சொன்னார், அப்புறம் போனில் பழைய பிரமாண் மெசேஜைக் கேட்டார். அந்த ஐடியைப் போட்டு எடுத்துப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பென்ஷன் கொடுப்பவர் யார் என்று கேட்கிற இடத்தில் பேங்க் பெயரைத் தேர்வு செய்திருக்கிறார்கள். அங்கே ஸ்பர்ஷ், பிசிடிஏ பென்ஷன்ஸ் (அந்த பிரயாக்ராஜ் அலுவலகம்தான்) என்று இருப்பதைத்தான் தேர்வு செய்ய வேண்டும், அதற்கு மேலே பென்ஷனை அனுமதித்தவர் யார் என்ற இடத்தில் டிஃபென்ஸ் என்று இருப்பதை. இது தவறினால் ஐடி என்னவோ வரும், சர்டிபிகேட் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. மாமாவுக்குப் பணம் நின்றது இதனால்தான். மாடியில் எங்களை அலைய விட்டவர் இதைப் பார்க்கவே இல்லை.

புதிதாக எடுக்க உட்கார்ந்தால் கைரேகை விழவில்லை. மஞ்சள் வெட்டி, களை பிடுங்கி, மாமாவுக்கு விரல் ரேகையே தேய்ந்துபோயிருக்கிறது, ஐந்து விரலும் வைத்துப் பார்த்தோம். அக்கா மிஷினை ஒதுக்கிவிட்டு நாற்காலியை வாசலுக்குத் தூக்கிப் போட்டு வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வைத்து, போன் கேமராவில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொன்னார். இந்த முகம் காட்டுகிற வசதி 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது, ரேகை விழாதவர்களுக்கும் கையே இல்லாதவர்களுக்கும் இதை விட்டால் நல்ல வழி இல்லை, ஆனாலும் கைரேகை விழவில்லை என்றால் நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்புகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டாவது தடவையில் எடுத்துவிட்டது. நாலு நாள் கழித்து அக்காவே போன் பண்ணி வரச் சொல்லி, ஸ்பர்ஷில் மாமாவுடைய கணக்கைத் திறந்து, சர்டிபிகேட் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறதா என்று காட்டினார். மெசேஜை நம்பாதீங்க, இதை நம்புங்க என்றார். அடுத்த மாதம் நிலுவையோடு சேர்ந்து பணம் வந்தது.

டாக்டர் சர்டிபிகேட் விஷயத்துக்கு அக்கா ஒரு ஃபைலை எடுத்தார். 2001 பிப்ரவரி 7 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம் ஒன்று அதில் இருக்கிறது. நிரந்தர ஊனம் என்று மெடிக்கல் போர்டு முடிவு செய்துவிட்டால் அது ஆயுசுக்கும் முடிவு, அடிபட்டவர் தானாகக் கேட்டால் ஒழிய மறுபடி போர்டு கிடையாது. நிரந்தரம் இல்லாத ஊனத்துக்கும் ஒரே ஒரு தடவைதான் மறு பரிசோதனை. அந்தக் கடிதத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து மாமா கையில் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கடிதம் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அந்தியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சர்வீஸ் முடித்து ரிட்டயர் ஆனவர், ஊனம் 30 சதவீதம். 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50-லிருந்து 75 வரை இருந்தால் 75 என்றும், அதற்கு மேலே 100 என்றும் எடுத்துக்கொண்டு டிசெபிலிட்டி பென்ஷன் கணக்குப் போடுவது போர்டு அவுட் ஆனவர்களுக்கு 1996-லிருந்தே இருக்கிறது. மாமாவுக்கு 60, அது 75 ஆகத்தான் வருகிறது. சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கு அதை மறுத்துக்கொண்டே இருந்தார்கள், 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் உண்டு என்றது. அந்தப் பெரியவருக்கு இன்னும் 30-தான் போய்க்கொண்டிருக்கிறது. அக்கா அவருடைய பிபிஓவை வரி வரியாகப் படித்து, என்ன எழுத வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும், நடக்காவிட்டால் சென்னையில் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். வெளியே நாலு பேர் ஜெராக்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள், அவசரப்படுத்தவே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. ஸ்பர்ஷ் யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் அவர் தன்னுடைய நோட்டில் எழுதி வைப்பதில்லை. நம்முடைய டைரியிலேயே எழுதச் சொல்லி, மூடி வீட்டில் வைக்கச் சொல்கிறார். லைஃப் சர்டிபிகேட் போடுகிறோம் என்று யாராவது போன் பண்ணி ஓடிபி கேட்டால் வைத்துவிடுங்கள் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறார்.

குறைகளும் உண்டு. கடை ரொம்பச் சின்னது, உள்ளே மூன்று நாற்காலிதான். வாசலில் ஒரு படி உயரமாக இருக்கிறது, வீல் சேரில் வருகிறவர்களுக்கு யாராவது தூக்கிவிட வேண்டும். கரண்ட் போனால் வேலை நிற்கும். நவம்பரில் காலை 8 மணிக்கே கூட்டம், அதனால் 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடுங்கள், அதற்கு அனுமதி இருக்கிறது. லைஃப் சர்டிபிகேட்டுக்கு எங்களிடம் 50 ரூபாய் வாங்கினார். நடக்க முடியாதவர்களுக்கு இங்கே வர வேண்டாம், போஸ்ட்மேனைக் கூப்பிடுங்கள் என்று அவரே சொல்கிறார். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் மூலமாக 2020-லிருந்து வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், 70 ரூபாய். அவரிடமும் ஸ்பர்ஷ் என்று இருக்கிறதைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள், பக்கத்தில் இருந்து பாருங்கள்.

போகும்போது ஆதார், பான், பிபிஓ ஒரிஜினல், டிஸ்சார்ஜ் புக், பழைய பிரமாண் மெசேஜ், ஸ்பர்ஷில் கொடுத்திருக்கிற நம்பர் உள்ள போன், எல்லாம் கையில் இருக்கட்டும். நம்பர் மாறியிருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

மாமாவுடைய பெயருக்கு நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி மனு போட்டாயிற்று. அத்தை பெயர்தான் பாக்கி. ரெக்கார்டில் சரசாள், ஆதாரில் சரஸ்வதி. பெங்களூரில் இருக்கிற ரெக்கார்ட் ஆபீஸுக்குக் காகிதங்கள் போக வேண்டும், இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. நாளைக்குக் குடும்ப பென்ஷன் என்று வரும்போது அத்தை தனியாக அந்த 22 படியை ஏறக் கூடாது, "நான் இருக்கறபோதே இத முடிச்சுக் குடுத்துரு அம்மிணி" என்று மாமா அக்காவிடம் கேட்டிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை கல்யாணப் பத்திரிகையையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி போகிறோம்.