தினசரி வேலைப் படப்பலகை: பலகையை வாங்கலாம், படங்களை மாற்றிவிடுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம், பேச்சு குறைவு. அவனுக்காக ஆன்லைனில் வாங்கிய பலகை இது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம் போட்ட, வெல்க்ரோ ஒட்டிய அட்டைகள், அடியில் ‘முடிந்தது’ பை. வேலை முடிந்ததும் பிள்ளையே அட்டையைப் பிய்த்துப் பையில் போட வேண்டும். அந்தப் பிய்க்கிற சத்தம் என் மகனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அடுத்தது என்ன, எப்போது முடியும் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் இந்தப் பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைகிறது. பலகையின் பலம் அதுதான். படங்கள்தான் நமக்கு ஒத்துவராது. குளிக்கும் அட்டையில் ஷவரும் தொட்டியும்! எங்கள் நீல வாளியை ஃபோனில் படமெடுத்து லேமினேஷன் போட்டு ஒட்டினேன். அப்புறம்தான் அவனுக்குப் பிடிபட்டது. தண்ணீரைக் கண்டால் விடமாட்டான். இப்போது அரை வாளிதான். வாளி காலியானால் அட்டை பைக்குள் போய்விடும். குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

வார அட்டையில் அப்பா திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ் போகிறார். என் கணவர் ராமேஸ்வரம் விசைப்படகில் போகிறவர். திங்கள், புதன், சனி கடல். மறுநாள் காலையில்தான் கரை. அந்த நாட்களில் படகுப் படம் ஒட்டினேன். புயல் கூண்டு ஏற்றிப் படகு போகாவிட்டால் அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுப் படத்தை எடுத்தே வைத்துவிடுவேன். அப்பாவைத் தேடி வாசலுக்கும் வீட்டுக்கும் நடப்பது நன்றாகவே குறைந்திருக்கிறது.

பலகையோடு கூட வரும் ஆங்கிலத் தாள், உடுத்துவது போன்ற வேலைகளை முதல் படியிலிருந்து பழக்கச் சொல்கிறது. எங்கள் தெரபிஸ்ட் சொன்னது நேர்மாறு: கடைசிப் படியை முதலில் பிள்ளையிடம் விடுங்கள். டிரவுசரை இடுப்புக்குக் கீழே வரை நான் ஏற்றிவிடுவேன், மிச்சத்தை அவன் இழுப்பான். அது கைவந்ததும் முழங்காலிலிருந்து அவன் வேலை. பின்னால் நின்று, அவன் கைமேல் கைவைத்து, பேசாமல் செய்ய வேண்டும். சொல்லிக்கொண்டே இருந்தால், சொன்னால்தான் செய்வான். இப்போது டிரவுசர் முழுக்க அவன் பொறுப்பு. சட்டைப் பித்தான் இன்னும் வரவில்லை, வரும்.

ஒரு குறை: உப்புக்காற்றில் வெல்க்ரோ பசை சீக்கிரம் விடுகிறது. துணிப்பலகையில் தைத்துக்கொண்டால் நிற்கும். லேமினேஷன் அட்டையை ஓரத்தில் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள், ஒட்ட வெட்டினால் உள்ளே ஈரம் இறங்கிவிடும்.